மோர் இல்லாத ரொட்டி

லாரல் ஓடை, வட கரோலினா
9 அக்டோபர் 1993

அன்புள்ள வெர்டி அக்காவுக்கு,

இங்கே நானும் ஜுனியும் நலம். ஜுனி நேற்றுக்கூட ஒரு வாளி நிறையப் பால் கொடுத்தாள். உன் ஆபரேஷன் தையல் ஆறிவிட்டதா, மாடிப்படி ஏறுகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. ராய் அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

நம் ஊர் வாய்கள் போன் போட்டுச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். அதுவும் நம் மாவட்டக் கோர்ட்டில் இல்லை, ஃபெடரல் கோர்ட்டில். 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் டெல்மர் ஹென்ஸ்லி' என்று காகிதத்தில் அடித்திருக்கிறது. மொத்த நாடும் ஒரு பக்கம், நானும் என் பசுமாடும் ஒரு பக்கம்.

குற்றம் இதுதான். எல்லைக் கம்பத்தைத் தாண்டி, தேசியப் பூங்காவுக்குள், நம் பழைய வீட்டுப் புகைக்கூண்டுக்குப் பின்னால் அம்மா வைத்த பாத்தியில் ஆறு ஜின்செங் மருந்துவேர் தோண்டினேன். சிவப்புப் பழங்களை அதே குழியில் புதைத்துவிட்டுத்தான் வந்தேன், அம்மா செய்வாளே அதேபோல. அந்த நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போய் நம் ஆயுசே முடியப்போகிறது, எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் போனேன்.

மறுநாள் மத்தியானம் பூங்காக் காவலர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டு நேரம். வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைத்துப் பேசுவது நம் வழக்கமா? பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தேன். ஒருவருக்குப் பசியில்லை. ஸ்பென்சர் என்று பெரியவர், வெளியூர்க்காரர், அவர் மட்டும் சாப்பிட்டார். பாவம், வெறும் ரொட்டியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார். வாசலில் காயவைத்திருந்த வேர் எங்கே கிடைத்தது என்று கேட்டார், நான் பேச ஆரம்பித்தேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். எங்கே தோண்டினேன், எப்போது தோண்டினேன், எந்தக் களைக்கொத்தால் தோண்டினேன், எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, 'பேசாம இருக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று படித்தார். 'அதை நான் பேசறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே' என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் வரை ஜெயில் போடலாமாம். இவ்வளவு சின்னக் குற்றத்துக்கு ஜூரி கிடையாதாம், ஒரே நீதிபதிதான். அதுதான் எனக்கு வருத்தம். ஜூரி வைத்திருந்தால் பாதிப் பேர் நமக்குச் சொந்தமாக இருப்பார்கள், மீதிப் பேர் என்னிடம் தேன் வாங்கினவர்களாக இருப்பார்கள்.

கவலைப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
டெல்மர்

•

டேட்டன், ஓஹையோ
16 அக்டோபர் 1993

தம்பி டெல்மருக்கு,

நாங்கள் சுகம். தையல் ஆறிவிட்டது. உன் கடிதத்தைப் படித்தபின் அது மறுபடி பிரிந்துவிடுமோ என்று பயந்தேன்.

உனக்கு அறிவு இருக்கிறதா? களஞ்சியத்துக்குப் பின்னால், உன் சொந்த மண்ணில், உன் கையால் நட்ட ஜின்செங் ஒரு காடு மாதிரி நிற்கிறது. அதை விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போய் ஆறு வேர் தோண்டுவானேன்? விற்கவா? ஆறு வேருக்கு யார் என்ன தரப்போகிறார்கள்? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போடுவது சரி. கூடவே உன்னையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாயே. ராய் சிரித்துச் சிரித்து இருமுகிறார். 'உன் தம்பிக்குப் பேசற உரிமை மட்டும்தான் தெரியும்' என்கிறார். நான் சிரிக்கவில்லை.

இனி ஒரு வார்த்தை பேசாதே. தபால்காரனிடம்கூடப் பேசாதே. முதலில் ஒரு வக்கீலைப் பார். பணம் இல்லாவிட்டால் கோர்ட்டே வக்கீல் வைத்துத் தருமாம், ராய் விசாரித்துவிட்டார். வெட்கப்படாமல் கேள்.

அக்கா,
வெர்டி

•

லாரல் ஓடை
2 நவம்பர் 1993

அன்புள்ள அக்கா,

குளிர் வந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் இருவர் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

கோர்ட்டுக்குப் போனேன். நீதிபதி ஹோல்கம் ஒரு அம்மாள். கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார். 'வக்கீல் வெச்சுக்க வசதி இருக்கா?' என்று கேட்டார். 'மாடு இருக்கு, தேன்பெட்டி இருக்கு' என்றேன். உடனே ஒரு வக்கீலை நியமித்துவிட்டார். கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் அதைத் தர்மம் போடுகிற மாதிரிச் சொல்லவில்லை, என் தொப்பியை எடுத்து என் கையில் கொடுக்கிற மாதிரிச் சொன்னார்.

வக்கீலின் பெயர் மிஸ் பெட்ராஸ்கி. பிட்ஸ்பர்க் பெண். மலைப்பாதையில் கார் ஓட்டப் பயப்படுகிறாள், வேறு எதற்கும் பயப்படுவதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு ஜாடி தேன் கொண்டுபோனேன். கட்சிக்காரரிடம் எதுவும் வாங்கக் கூடாதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு ஜாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சொல்வது இது. ஒருவரைப் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டால், உரிமைகளை முதலிலேயே சொல்லியாக வேண்டும். சும்மா வந்து பேசினால் சொல்ல வேண்டியதில்லை. வேரில் எந்த மண் என்று எழுதியிருக்காது, என் களஞ்சியத்துக்குப் பின்னாலும் அதே வேர்தான். பூங்காவிலிருந்து எடுத்தேன் என்று சொன்னது என் வாய் மட்டுமே. அந்தப் பேச்சைக் கோர்ட் ஒதுக்கிவிட்டால் கேஸில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அவள் கேட்டாள்: 'அவங்களை எழுந்து போகச் சொல்லியிருக்க முடியுமா உங்களால?'

'தட்டுல பாதி ரொட்டி இருக்கும்போது எப்படிம்மா போகச் சொல்றது?' என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்கு இந்தச் சுற்றிவளைப்பு ஒன்றும் வேண்டாம் அக்கா. செய்தேன், செய்தேன் என்று சொல்லிவிடப் போகிறேன். அவசரப்படாதீர்கள் என்கிறாள் மிஸ் பெட்ராஸ்கி.

உன் தம்பி,
டெல்மர்

•

டேட்டன்
10 நவம்பர் 1993

தம்பி டெல்மருக்கு,

சுகம், சுகம். உன் முழங்காலுக்கு ஒரு கம்பளி உறை பின்னி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆறு மாதம் நீ உள்ளே இருந்தால் ஜுனியை யார் கறப்பது? பக்கத்துப் பண்ணைக்காரன் கறப்பான் என்று சொல்லாதே, அவள் அவனை உதைப்பாள். கூரையில் பனி ஏறினால் யார் தள்ளுவது? எல்லாவற்றுக்கும் மேலே, உன்னைக் கம்பிக்குப் பின்னால் நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இதை நேராகவே சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். அது ஒரு வாரமாக என்னை அரிக்கிறது. உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அந்த ஸ்பென்சர் வெறும் ரொட்டியைத் தண்ணீரோடு விழுங்கினார் என்று எழுதியிருக்கிறாய். ஏன் வெறும் ரொட்டி? ஜுனி வாளி வாளியாகக் கொடுக்கிறாள். நான் வாங்கித் தந்த ஃப்ரிட்ஜில் ஆணிப்பெட்டியை வைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே, சில்லென்று தண்ணீர் ஓடும் ஊற்றுக் கொட்டகையில்தான் மோர் ஜாடியை வைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவன் நீ. இன்ஷூரன்ஸ் விற்க வந்தவனுக்குக்கூடக் கொட்டுகிற மழையில் கொட்டகைக்கு ஓடி மோர் எடுத்து வந்தவன். நம் வீட்டில் மோர் இல்லாமல் சோளரொட்டியை யார் முன்னாலும் வைத்ததில்லை.

அன்றைக்கு ஏன் மோர் இல்லை?

அக்கா,
வெர்டி

•

லாரல் ஓடை
12 டிசம்பர் 1993

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் உறை மிகவும் கதகதப்பாக இருக்கிறது, தேவாலயத்துக்குக்கூடப் போட்டுப் போனேன்.

இங்கே செய்தி நிறைய. பாலத்துக்குக் கீழே தண்ணீர் உறைந்துவிட்டது. எங்கள் பாட்டுக் குழுவில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை நடக்கிறது. நோலா டில்லர்ட் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்துவிடுகிறாள், நாங்கள் அவளைத் துரத்திக்கொண்டு பாடுகிறோம். வேலியில் இரண்டு கம்பம் மாற்றினேன். உலர்ந்த ஆப்பிள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், அடுக்குக் கேக் செய்யலாம்.

மோர் விஷயம் கேட்டிருந்தாய். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

அரசு வக்கீல் ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒப்புக்கொண்டால் முப்பது நாளோடு விடும்படி கேட்பாராம். முப்பது நாள் என்ன பெரிய விஷயம், ஜுனியைப் பாடிப் பாடிச் சமாதானம் செய்து பண்ணைக்காரனிடம் விட்டுவிடலாம். மிஸ் பெட்ராஸ்கி பிப்ரவரியில் விசாரணைக்குத் தேதி வாங்கியிருக்கிறாள். என் பேச்சை ஒதுக்கக் கோரி மனுவாம். முடிவு என்னுடையது, அவளுடையது இல்லை என்கிறாள். ஆனால் கண்ணைப் பார்த்து இன்னொன்றும் கேட்டாள்: 'நீங்க எங்கிட்ட எதையோ சொல்லாம இருக்கீங்க, இல்லையா?' வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

அத்தானுக்கும் உனக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

உன் தம்பி,
டெல்மர்

•

டேட்டன்
19 டிசம்பர் 1993

தம்பி டெல்மருக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தில் பாலம், பாட்டு, வேலி எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

ஒன்றுக்கு நானே பதில் கண்டுபிடித்துவிட்டேன். ஆப்பிள் பெட்டியைத் திறந்தபோது அந்த வாசனையில் அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, அது நினைவுக்கு வந்தது. வாயில் ருசியே இல்லை, நீ அனுப்பிய வேரைப் போட்டு டீ வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது, அம்மா பாத்தி வேராக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன் என்று எழுதினேன். படுத்துக் கிடந்தவள் ஏதோ வாய்க்கு வந்ததை எழுதினேன். நீ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய்த் தோண்டிவிட்டாய். எனக்காகத்தானே? காவலர்களிடம் எல்லாவற்றையும் கொட்டினவன், யாருக்காக என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

அழுதேன் டெல்மர். பிறகு கோபம் வந்தது. நான் பஸ் ஏறி வருகிறேன். அந்தக் கண்ணாடி நீதிபதியிடம் நேராகப் போய், என் தம்பி எனக்காகத்தான் போனான், ஜெயிலில் போடுவதானால் என்னைப் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

நான் வரக் கூடாது என்றால், இரண்டாவது கேள்விக்கு நீ பதில் எழுது.

அக்கா,
வெர்டி

•

லாரல் ஓடை
3 ஜனவரி 1994

அக்கா,

நீ வராதே. ஆபரேஷன் ஆன உடம்போடு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வருவாயா? உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதை விடு.

மோர் விஷயத்தை எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு.

வந்த இரண்டு பேரில் இன்னொருவன் வேட் டில்லர்ட். எங்கள் பாட்டுக் குழு நோலாவின் மகன். முப்பது வயது. மர மில் மூடினபின் இரண்டு வருஷம் வேலையில்லாமல் அலைந்து, போன கோடையில்தான் பூங்காவில் வேலை கிடைத்தது. பெண்டாட்டிக்கு இரண்டாவது பிரசவம் வரப்போகிறது. 'வா வேட், சாப்பிடு' என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். உட்காரவில்லை. கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

ஸ்பென்சர் முன்னால் ரொட்டியை வைத்துவிட்டு, மோர் எடுத்து வர எழுந்தேன். வேட் கையைக் குறுக்கே நீட்டினான்.

'நீங்க எங்கயும் போகக் கூடாது. உக்காருங்க சார்.'

'மோர் எடுக்கத்தான்டா போறேன்.'

'உக்காருங்க சார்' என்றான் மறுபடியும்.

பிறந்ததிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவன், அன்றைக்குத்தான் சார் என்றான். நான் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில், என் மேஜையில், விருந்தாளிக்கு மோர் எடுத்து வர எனக்கு அனுமதி இல்லை அக்கா. கூசிப்போய்விட்டேன். அந்தக் கூச்சத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் பேச ஆரம்பித்தேன், பேசிக்கொண்டே போனேன்.

இதைக் கோர்ட்டில் சொன்னால் வேட் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நோலாவின் பக்கத்தில் நின்று நான் எப்படிப் பாடுவேன்? அதற்கு முப்பது நாள் தேவலை.

டெல்மர்

•

டேட்டன்
9 ஜனவரி 1994

என் தம்பி டெல்மருக்கு,

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ராயிடம் மட்டும் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

உனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் இருந்திருந்தால் அந்த வேட்டின் காதைத் திருகியிருப்பேன். ஆனால் நீ சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உன்னை யாரும் வேட் மேல் பழி போடச் சொல்லவில்லை. உன் அடுக்களையில் நடந்ததைச் சொல்லத்தான் சொல்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் வேலை போகும் என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். அவனுக்கும் ஒரு வாய் இருக்கிறது, அவனும் பேசட்டும். நோலா வளர்த்த பிள்ளை பொய் சொல்லுவான் என்று நினைக்கிறாயா? அப்படி நினைத்தால் அதுதான் அவளுக்கு அவமானம்.

நாளைக்கு அவன் வேறு ஒருவர் வீட்டுக் கதவை மறைத்து நிற்பான். அங்கே இருப்பவர் உன்னை மாதிரி வாயாடியாக இருக்கமாட்டார், பயந்த ஒரு பெண்பிள்ளையாக இருக்கலாம். அவளுக்கு அந்த அட்டையை முதலிலேயே படிக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்ள வேண்டாமா? அந்தச் சட்டம் உனக்கு மட்டும் எழுதினதில்லை.

மிஸ் பெட்ராஸ்கியிடம் போய்ச் சொல். சொன்னாய் என்று எழுது, நான் பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆம், வாங்கிவிட்டேன்.

எனக்கு அம்மா பாத்தி வேர் வேண்டாம். தம்பி வெளியே இருந்தால் போதும்.

அக்கா,
வெர்டி

•

லாரல் ஓடை
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

ஜுனி சுகம், நான் சுகம், கூரையும் சுகம். நீ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தது அறிந்து நிம்மதி.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. முன்னதாகவே மிஸ் பெட்ராஸ்கியிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். 'நாலு மாசமா இதை வெச்சுக்கிட்டு எங்கிட்ட வானிலை பேசினீங்களா?' என்றாள். இந்த விசாரணையில் அடுக்களையைப் பற்றி நான் சொல்வதை, பிறகு என் மேல் குற்றத்தை நிரூபிக்க எடுத்துக்கொள்ள முடியாது என்றும் விளக்கினாள். பொய் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும் என்றாள். அதுதான் எனக்குப் பிடித்தது.

கூண்டில் ஏறினேன். மோர் கதையைச் சொன்னேன். வேட்டின் பக்கம் பார்க்கவே இல்லை. அரசு வக்கீல் மரியாதையான மனிதர். 'அது உங்க சொந்த வீடு. வெளியே போங்கன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே?' என்றார்.

'என்னையே வெளியே விடலை, நான் எப்படிங்க அவங்களை வெளியே போகச் சொல்றது?' என்றேன்.

பிறகு அவர், வேரை யாருக்காகத் தோண்டினீர்கள் என்று ஆரம்பித்தார். மிஸ் பெட்ராஸ்கி ஆட்சேபித்தாள். இன்றைய விசாரணைக்கு அது தேவையில்லை என்று நீதிபதி வெட்டிவிட்டார். உன் பெயர் அந்தக் கட்டடத்துக்குள் வரவே இல்லை.

அடுத்து வேட். முகம் வெளுத்திருந்தது. ஸ்பென்சர் பின்வரிசையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் குறுக்கே நீட்டினீர்களா என்று மிஸ் பெட்ராஸ்கி கேட்டாள். 'ஆமா' என்றான். உட்காரச் சொன்னீர்களா, இரண்டு தடவை சொன்னீர்களா என்றாள். 'ஆமா' என்றான். அட்டையை அதற்கு முன்னால் யாராவது படித்தீர்களா என்றாள். 'இல்லை' என்றான்.

அப்போது நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாமே ஒரு கேள்வி கேட்டார். 'அந்த நாற்காலியில நீங்க உக்காந்திருந்தா, எழுந்து போகலாம்னு நினைச்சிருப்பீங்களா?'

வேட் நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தான். பிறகு சொன்னான்: 'போக முடியாதுங்கம்மா. அதுக்குத்தான் நான் அங்க நின்னேன்.'

முடிந்தது. அது என்னைக் காவலில் பிடித்து வைத்ததற்குச் சமம், உரிமைகளை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நான் பேசியதைக் கேஸில் பயன்படுத்தக் கூடாது என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். நேற்று மிஸ் பெட்ராஸ்கி போன் செய்தாள். அரசாங்கம் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டது. வாசல் படியில் உட்கார்ந்து சிரித்தேன் அக்கா, ஜுனி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு எடுத்துப்போன அந்த ஆறு வேர்களைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனாலும் செய்தது செய்ததுதான் என்று மனசு உறுத்தியது. நம் பாத்திப் பழங்களைக் கொண்டுபோய் அங்கே நட்டுவிட்டு வரட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பூங்காவுக்குள் எதையாவது நடுவதும் குற்றம்தானாம். 'தயவுசெஞ்சு வீட்டுலயே இருங்க' என்றாள்.

உன் தம்பி,
டெல்மர்

•

டேட்டன்
5 மார்ச் 1994

தம்பி டெல்மருக்கு,

நாங்கள் மிக மிகச் சுகம். உன் கடிதம் வந்த அன்று மாடிப்படி முழுவதையும் நிற்காமல் ஏறினேன். ராய் கடையிலிருந்து மோர் வாங்கி வந்தார், நான் ரொட்டி சுட்டேன், இரண்டு பேரும் உன் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டோம். கடை மோர் கடை மோர்தான், இருந்தாலும் குறை சொல்லவில்லை.

களஞ்சியப் பாத்தி வேரில் கொஞ்சம் அனுப்பு. இந்த முறை மிகவும் ருசியாக இருக்கிறது என்று எழுதுவேன். நீ எல்லை தாண்டாமல் இருப்பதற்காக ஆயுசு முழுக்க அப்படியே எழுதுவேன்.

மிஸ் பெட்ராஸ்கிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன நினைத்தேன். அதையும் வாங்கமாட்டாள், இல்லையா? அப்படியானால் என் நன்றியையாவது வாங்கிக்கொள்ளச் சொல்.

வேட் என்ன ஆனான்? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீ எழுதாமல் விடுவதைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் தேடுகிறேன்.

அக்கா,
வெர்டி

•

லாரல் ஓடை
27 மார்ச் 1994

அன்புள்ள அக்கா,

இங்கே ஓடைக்கரை பச்சை பிடித்துவிட்டது, முழங்கால் வலி போய்விட்டது, ஜுனி சினையாக இருக்கிறாள். வேர் தனிப் பார்சலில் வருகிறது. பொய் சொல்வதானால் கொஞ்சம் நம்பும்படிச் சொல்.

வேட்டைப் பற்றி எழுதாததற்குக் காரணம், எனக்கே தெரியாமல் இருந்ததுதான். நோலா இரண்டு ஞாயிறு பாட வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தாள், வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்தாள். பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்து, 'எம் பையன் உள்ளதைச் சொன்னான் இல்ல?' என்றாள். 'சொன்னான்' என்றேன். வேலை போகவில்லையாம். கேள்வி கேட்கும் முறையைப் பற்றி ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்களாம், ஸ்பென்சரையும் சேர்த்து. எனக்கு அதுவரை சரியாகத் தூக்கம் இல்லை என்பதை இப்போது உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வேட். சீருடை இல்லை, சாதாரணச் சட்டை. கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான். சந்தோஷம் என்றேன். பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

'எம்மேல கோவமா மாமா?' என்றான்.

'நீ தடுத்ததுல இல்லடா. அத்தனை தடவை கூப்பிட்டும் உக்காரலையே, அதுதான்.'

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பீன்ஸ் வைத்தேன். சோளரொட்டியை இரண்டாக வெட்டி அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்தேன். எழுந்தவன், ஏன் என்றே தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. விறுவிறுவென்று எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றான்.

ஊற்றுக் கொட்டகைக்குப் போய் மோர் எடுத்து வந்தேன். இரண்டு டம்ளர் குடித்தான்.

உன் தம்பி,
டெல்மர்